அம்மாவுக்குச் சுகரும் காது மந்தமும்: பீட்டா செல்லில் மைட்டோகாண்ட்ரியா புரதங்களுக்கு என்ன வேலை?

கேள்வியின் தலைப்பில் "கணையத்தில் மைட்டோகாண்ட்ரியா புரதங்களின் பங்கு என்ன" என்று போட்டிருக்கிறீர்கள். கீழே எழுதியிருப்பதைப் படித்தால் விஷயம் வேறு. அம்மாவுக்கு 37 வயதில் சுகர் வந்தது, அவர் எப்போதுமே ஒல்லி, அதற்கு முன்பே காது கொஞ்சம் கொஞ்சமாக மந்தமாகியிருக்கிறது. பெரியம்மாவுக்கும் இதே கதை, மாமா காதுக்கு மெஷின் போட்டிருக்கிறார். இப்போது டாக்டர் "மைட்டோகாண்ட்ரியா டெஸ்ட்" எழுதிக் கொடுத்திருக்கிறார், உறவினர் ஒருவர் "மைட்டோகாண்ட்ரியா பூஸ்டர்" மாத்திரை டப்பா ஒன்றைச் சிபாரிசு செய்கிறார், உங்களுக்கு 31 வயது. அதாவது நீங்கள் கேட்பது, இது எங்கள் குடும்ப நோயா, எனக்கும் வருமா, அந்த மாத்திரை வாங்கலாமா என்பதுதான். அந்தப் புரதங்கள் என்ன செய்கின்றன என்று புரிந்தால்தான் இந்த மூன்றுக்கும் பதில் புரியும், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மருத்துவர் இல்லை. உயிர்வேதியியல் படித்து, தரமணி வளாகத்தில் எலிக் கணையத்தோடு ஆறு வருடம் மல்லுக்கட்டி ஆராய்ச்சிப் பட்டம் வாங்கி, அதன்பின் 19 வருடமாக மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். செல்லுக்குள் நடப்பதைப் பற்றித் தைரியமாகப் பேசுவேன். உங்கள் அம்மாவின் ரிப்போர்ட்டை நான் பார்த்ததில்லை, மருந்து விஷயத்தில் அவருடைய டாக்டர் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

கணையத்தின் பெரும்பகுதி செரிமானத்துக்கான நொதிகளைச் சுரக்கிற வேலையில் இருக்கிறது. அதற்குள் உப்புமாவில் கடுகு சிதறிக் கிடப்பது போல சுமார் 10 லட்சம் சின்னத் திட்டுகள். 1869-ல் பால் லாங்கர்ஹான்ஸ் மாணவராக இருந்தபோது கண்டதால் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் என்று பெயர். எல்லாத் திட்டுகளையும் சேர்த்தாலும் கணையத்தின் எடையில் 1 முதல் 2 சதவீதம்தான். நுண்ணோக்கியின் கீழ் டைத்திசோன் என்ற சாயத்தை ஊற்றினால் அவை மட்டும் சிவந்து தெரியும், ஏனென்றால் இன்சுலினோடு சேர்ந்து அங்கே துத்தநாகம் நிறைய இருக்கிறது. ஒவ்வொன்றாகக் குழாயால் உறிஞ்சி எடுக்க வேண்டும். ஒரு நாளில் சில நூறு திட்டுகளைப் பொறுக்கினால் கண் பூத்துவிடும். அந்தத் திட்டுகளில் இன்சுலின் சுரப்பவைதான் பீட்டா செல்கள்.

பள்ளிக்கூடத்தில் மைட்டோகாண்ட்ரியாவை "செல்லின் ஆற்றல் மையம்" என்று படித்திருப்போம். தப்பில்லை, ஆனால் பீட்டா செல்லைப் பொறுத்தவரை அது பாதிக் கதைதான். தசை செல் ஓடும்போது அதிகம் எரிக்கும், உட்கார்ந்திருக்கும்போது குறைவாக எரிக்கும், அதாவது தேவைக்கு ஏற்ற செலவு. பீட்டா செல் தேவையைப் பார்ப்பதில்லை, ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறதோ அதற்கு ஏற்ப எரிக்கிறது. வந்த அரிசியை எல்லாம் அப்போதே உலையில் போட்டு, எவ்வளவு சோறு வெந்தது என்பதை வைத்து இன்றைக்கு எவ்வளவு அரிசி வந்தது என்று கணக்குச் சொல்கிற சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்குத்தான் முக்கியம், சோறு இரண்டாம்பட்சம். பீட்டா செல்லுக்கு மைட்டோகாண்ட்ரியா அடுப்பு மட்டும் இல்லை, சர்க்கரையை அளக்கிற மீட்டரும் அதுவே.

அளப்பது எப்படி? குளூக்கோஸ் உள்ளே வந்ததும் குளூக்கோகைனேஸ் என்ற நொதி அதைப் பிடிக்கிறது. இது மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே இருக்கிற வாசல்காரர். மற்ற திசுக்களில் இருக்கிற இதன் உறவுக்கார நொதிகள் கொஞ்சம் சர்க்கரைக்கே முழு வேகத்தில் ஓடும். இது ரத்தச் சர்க்கரை 140 பக்கம் வரும்போதுதான் பாதி வேகத்தை எட்டும், அதனால்தான் நமக்கு முக்கியமான அந்த எல்லைக்குள் ஏற்ற இறக்கத்தை இதனால் உணர முடிகிறது. அடுத்து குளூக்கோஸ் உடைந்து பைருவேட் ஆகிறது. பல செல்களில் இந்தப் பைருவேட்டின் ஒரு பகுதி லாக்டிக் அமிலமாக மாறி வெளியே போய்விடும். பீட்டா செல்லில் அந்தப் பக்கவழியைத் திறக்கிற நொதி மிகக் குறைவு, அதனால் கிட்டத்தட்ட எல்லாப் பைருவேட்டும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போயே ஆக வேண்டும். உள்ளே கொண்டுபோகிற கடத்திப் புரதத்தின் மரபணுக்கள் 2012-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டன என்று வகுப்பில் சொன்னால் மாணவர்கள் நம்ப மாட்டார்கள். உள்ளே அதைப் படிப்படியாக எரிக்கிற கிரெப்ஸ் சுழற்சி, எலக்ட்ரான்களைக் கைமாற்றுகிற நான்கு பெரிய புரதக் கூட்டங்கள், கடைசியில் தண்ணீர்ச் சக்கரம் போலச் சுழன்று, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியைத் தயாரிக்கிற ஐந்தாவது கூட்டம். இந்த ஏடிபிதான் மீட்டரில் ஏறுகிற எண். அது ஏறினால் செல்லின் சுவரில் இருக்கிற ஒரு பொட்டாசியம் வாயில் மூடுகிறது (பிரான்சிஸ் ஆஷ்கிராஃப்ட் 1984-ல் காட்டியது), மூடினால் செல்லின் மின்னழுத்தம் மாறுகிறது, கால்சியம் உள்ளே பாய்கிறது, தயாராகப் பொட்டலம் கட்டி வைத்திருக்கிற இன்சுலின் வெளியே கொட்டுகிறது. அம்மா எப்போதாவது கிளிமிபிரைடு சாப்பிட்டிருந்தால், அந்த மாத்திரை இதே பொட்டாசியம் வாயிலை நேரடியாக மூடுகிறது, அதாவது மீட்டரைக் கேட்காமலே மணி அடித்துவிடுகிறது.

இதெல்லாம் பாடப்புத்தகத்துக் கதை, ஆதாரம் என்ன என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு மிகவும் பிடித்த ஆதாரங்கள் மூன்று. ஜப்பானில் 1996-ல் எலியின் பீட்டா செல் வகை ஒன்றிலிருந்து மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏவை மட்டும் நீக்கிவிட்டுப் பார்த்தார்கள். செல் உயிரோடு இருந்தது, ஆனால் சர்க்கரை கொடுத்தால் இன்சுலின் சுரக்கவில்லை. வேறு செல்லிலிருந்து மைட்டோகாண்ட்ரியாவைத் திரும்பக் கொடுத்தபோது அந்தத் திறன் திரும்பி வந்தது. இரண்டாவது, சில குடும்பங்களில் உடற்பயிற்சி செய்தால் சுகர் திடீரென்று இறங்கி மயக்கம் வரும். தசையிலிருந்து ரத்தத்தில் வரும் பைருவேட்டை உள்ளே விடுகிற கதவு பீட்டா செல்லின் சுவரில் வழக்கமாக இருக்காது. இவர்களுக்கு ஒரு மரபணு மாற்றத்தால் அந்தக் கதவு முளைத்துவிட்டது, ஓடும்போது பைருவேட் உள்ளே போகிறது, மைட்டோகாண்ட்ரியா அதை எரித்து "சர்க்கரை வந்துவிட்டது" என்று தப்பாகக் கணக்குச் சொல்கிறது, வேண்டாத நேரத்தில் இன்சுலின் கொட்டுகிறது. 2007-ல் இதன் காரணம் வெளியானபோது, நான் அன்று முழுக்கப் பார்க்கிறவர்களிடம் எல்லாம் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாவது, மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கிற குளூட்டமேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதி. இது அளவுக்கு மீறி வேலை செய்கிற குழந்தைகளை 1998-ல் விவரித்தார்கள். பருப்பு, பால், முட்டை என்று புரதம் அதிகமுள்ள சாப்பாடு சாப்பிட்டால் இந்தக் குழந்தைகளுக்குச் சுகர் இறங்கிவிடும், ரத்தத்தில் அமோனியாவும் கூடியிருக்கும். ஆக, இந்தப் புரதங்கள் தளர்ந்தால் இன்சுலின் குறையும், மிஞ்சினால் இன்சுலின் வழியும். இதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

சரி, உங்கள் குடும்பத்துக்கு வருகிறேன். மைட்டோகாண்ட்ரியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்கள் உண்டு. பெரும்பாலானவற்றின் மரபணு செல்லின் உட்கருவில் இருக்கிறது, வெளியே தயாராகி உள்ளே இறக்குமதி ஆகின்றன. ஆனால் மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று சொந்தமாக ஒரு சின்ன டிஎன்ஏ வளையம் இருக்கிறது: 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள், அவற்றில் 13 மட்டும் புரதத்துக்கானவை. அந்த 13-ம் நான் மேலே சொன்ன எலக்ட்ரான் கூட்டங்களிலும் ஏடிபி சக்கரத்திலும் போய் உட்காருகிற பாகங்கள். மீதி மரபணுக்கள் இந்தப் புரதங்களைக் கட்டுவதற்கான கருவிகள். உங்கள் டாக்டர் தேடுவது பெரும்பாலும் இந்த வளையத்தில் 3243-ஆவது இடத்தில் ஏ இருக்க வேண்டிய எழுத்து ஜி ஆகியிருக்கிறதா என்பதைத்தான். அந்த இடம் புரத மரபணுவில் இல்லை, லியூசின் என்ற அமினோ அமிலத்தைச் சுமந்து வருகிற கடத்தி ஆர்என்ஏவின் மரபணுவில் இருக்கிறது. சுமை தூக்குகிற ஆள் தடுமாறினால் 13 புரதங்களும் சரியாகக் கட்டப்படுவதில்லை, மீட்டர் மந்தமாகிறது, சர்க்கரை ஏறியும் எண் ஏறுவதில்லை. செல்லில் இன்சுலின் இருக்கும், ஆனால் வெளியே அனுப்பச் சொல்கிற சைகை வராது. வருடங்கள் போகப் போக செல்களும் குறைகின்றன.

நெதர்லாந்தில் ஒரு பெரிய குடும்பத்தை ஆராய்ந்து 1992-ல் இதை வெளியிட்டார்கள்: தாய் வழியாக வரும் சர்க்கரை நோய், கூடவே காது கேளாமை. உட்காதுக்கும் ஆற்றல் மிக அதிகம் வேண்டும், அதனால் அதுவும் சேர்ந்து அடிபடுகிறது. முதலில் உயர்ந்த சுருதிச் சத்தங்கள் கேட்காமல் போகும், பலருக்குச் சுகருக்கு முன்பே. ஒல்லியான உடல்வாகு, 30-களின் பிற்பகுதியில் சுகர், அம்மா பக்கத்து உறவினர்களுக்கும் இதே இரட்டை... நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கும் அந்தச் சந்தேகம்தான் வந்தது, டாக்டர் கவனித்திருக்கிறார் என்பதில் உண்மையிலேயே மகிழ்ச்சி. நம் ஊரில் இதைக் கோட்டை விடுவது சுலபம். 2023-ல் வந்த தேசிய ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய், தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். வீட்டுக்கு வீடு சுகர் என்கிறபோது "அம்மாவுக்கு இருக்கு, பெரியம்மாவுக்கு இருக்கு" என்றால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. காதையும் சேர்த்துக் கேட்டால்தான் பிடிபடும். அதே சமயம், நீண்டநாள் சுகராலும் காது கொஞ்சம் மந்தமாகலாம், வயதாலும் ஆகலாம். எனவே டெஸ்ட் முடிவு வரும்வரை இது சந்தேகம் மட்டும்தான்.

டெஸ்டைப் பற்றி ஒன்று. ஒரே செல்லுக்குள் மாறிய டிஎன்ஏவும் மாறாததும் கலந்தே இருக்கும், இந்த விகிதம் உறுப்புக்கு உறுப்பு வேறுபடும். ரத்த செல்களில் மாறிய டிஎன்ஏவின் பங்கு வயதாக ஆகக் குறைந்துகொண்டே வரும், சிறுநீரில் உதிர்ந்து வருகிற செல்களில் அந்தளவு குறையாது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் 60 வயது அம்மாவுக்கு ரத்தத்தில் மட்டும் பார்த்துவிட்டு "இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து மகளுக்குக் காது குறைய ஆரம்பித்தபோதுதான் சிறுநீரில் பார்த்தார்கள், இருந்தது. அந்த இரண்டு வருடம் வீணாகப் போனதை இப்போது நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை. அதனால் மாதிரி கொடுக்கும் முன்பு, சிறுநீரிலும் பார்ப்பார்களா என்று கேளுங்கள்.

அம்மா மெட்ஃபார்மின் சாப்பிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். சாதாரண டைப் 2 சுகருக்கு அது அருமையான, பல காலம் சோதிக்கப்பட்ட மருந்து. ஆனால் அது எலக்ட்ரான் சங்கிலியின் முதல் கூட்டத்தைக் கொஞ்சம் தடுக்கக்கூடியது, ஏற்கெனவே அந்தச் சங்கிலி தளர்ந்தவர்களுக்கு லாக்டிக் அமிலம் சேரும் அபாயம் இருப்பதால், 3243 மாற்றம் உறுதியானவர்களுக்கு மருத்துவர்கள் பொதுவாக அதைத் தவிர்க்கிறார்கள். இதைப் படித்துவிட்டு நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், சுகர் ஏறினால் அது வேறு ஆபத்து. டாக்டருக்குப் போன் செய்து, "முடிவு வரும் வரை மெட்ஃபார்மின் தொடரலாமா, மாற்றலாமா" என்று கேட்டால் போதும், அவருக்கு உடனே புரியும். இந்த வகையில் பலருக்கு ஆரம்பத்தில் கிளிமிபிரைடு போன்றவை வேலை செய்யும், காரணம் மேலே சொன்னேனே, அவை மீட்டரைத் தாண்டிப் போய் வாயிலை மூடுகின்றன. அப்புறம் இன்சுலின் தேவைப்படலாம். முடிவு உறுதியானால் இதயம், சிறுநீரகம், கண் விழித்திரை ஆகியவற்றையும் ஒருமுறை பார்க்கச் சொல்வார்கள், அந்த உறுப்புகளிலும் இது தலைகாட்டும்.

இப்போது சந்தேகமான பகுதி. அந்த மாத்திரை விற்பவர்கள் "எல்லாச் சுகருக்கும் மைட்டோகாண்ட்ரியாதான் காரணம்" என்று சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். டைப் 2 நோயாளிகள் இறந்தபின் தானம் செய்யப்பட்ட திட்டுகளில் மைட்டோகாண்ட்ரியா வீங்கியிருக்கிறது, சர்க்கரை கொடுத்தால் ஏடிபி சரியாக ஏறுவதில்லை, இது பல இடங்களில் பார்த்தது. ஆனால் எது முதலில்? 2019-ல் ஆக்ஸ்ஃபோர்டில் அதே ஆஷ்கிராஃப்ட் குழு எலிகளில் அந்தப் பொட்டாசியம் வாயிலை மட்டும் மூடாதபடி செய்து சுகர் வரவழைத்தது. தொடக்கத்தில் அந்த எலிகளின் மைட்டோகாண்ட்ரியா நன்றாகத்தான் இருந்தது. இரண்டே வாரம் சர்க்கரை ஏறிக் கிடந்ததில் ஏடிபி தயாரிக்கிற புரதங்கள் உட்பட மைட்டோகாண்ட்ரியா புரதங்களின் அளவுகள் மாறி, வேலையும் குறைந்துவிட்டது. அதாவது பல பேருக்கு மைட்டோகாண்ட்ரியா கெட்டதால் சுகர் வந்தது என்பதைவிட, சுகர் ஏறியதால் மைட்டோகாண்ட்ரியா கெட்டு, அதனால் சுகர் இன்னும் ஏறுகிறது என்கிற சுழலாக இருக்கலாம். மனிதர்களில் எந்தப் பங்கு எவ்வளவு என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. ஏடிபி முழுவதும் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்துதான் வந்து வாயிலை மூடுகிறதா, இல்லை செல் சுவருக்குப் பக்கத்திலேயே பைருவேட் கைனேஸ் என்ற நொதி தயாரிக்கிற ஏடிபிதான் முதலில் மூடுகிறதா என்று 2020-லிருந்து ஒரு நல்ல சண்டை நடக்கிறது. நான் மேலே சொன்ன படத்தின் சில கோடுகள் அதனால் மாறலாம், ஆனால் மைட்டோகாண்ட்ரியா இல்லாமல் சர்க்கரைக்கு இன்சுலின் இல்லை என்பது மாறாது. இந்தச் சுழலில் நல்ல செய்தி ஒன்றும் உண்டு. சர்க்கரையைச் சீக்கிரம் இறக்கிவிட்டால் களைத்த பீட்டா செல்கள் ஓரளவு தெளிகின்றன. 2017-ல் பிரிட்டனில் நோய் வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்களைக் கடுமையாக எடை குறைக்க வைத்ததில், ஒரு வருட முடிவில் கிட்டத்தட்ட பாதிப் பேர் மருந்தே இல்லாமல் சுகர் எல்லைக்கு வெளியே வந்தார்கள். இது எடை கூடிய டைப் 2 நோயாளிகளுக்கு. ஒல்லியான உங்கள் அம்மாவைப் பட்டினி போட்டுவிடாதீர்கள்.

அந்த "பூஸ்டர்" டப்பா வேண்டாம். நீங்கள் எழுதிய பட்டியலில் இருக்கிற கோ-என்சைம் க்யூ10 எலக்ட்ரான் சங்கிலியில் நிஜமாகவே வேலை செய்கிற பொருள்தான், இந்த 3243 வகை நோயாளிகளிடம் சின்ன அளவில் சோதித்தும் இருக்கிறார்கள். ஆனால் தடுமாறுகிற கடத்தி ஆர்என்ஏவை அது சரிசெய்யாது, சுகருக்கான சிகிச்சை என்று சொல்கிற அளவுக்குப் பெரிய ஆய்வு எதுவும் அதன் பின்னால் இல்லை. அம்மாவின் டாக்டரே ஒரு காரணம் சொல்லிக் கொடுத்தால் அது வேறு விஷயம். மைட்டோகாண்ட்ரியாவைக் குறிவைத்து முறையாகச் சோதிக்கப்பட்ட மருந்து என்றால் இமெக்லிமின். ஜப்பானில் 2021-ல் அனுமதி கிடைத்தது, அப்புறம் இந்தியாவுக்கும் வந்துவிட்டது. அது டைப் 2 சுகருக்காக அனுமதிக்கப்பட்டது, உங்கள் அம்மாவின் சந்தேக நோய்க்காக இல்லை, அதையும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிவிட வேண்டாம்.

கடைசியாக, நீங்கள். அம்மாவுக்கு இந்த மாற்றம் உறுதியானால், மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்தே வருவதால் உங்களிடமும் அது ஏதோ ஒரு அளவில் இருக்க வாய்ப்பு மிக அதிகம். அந்த அளவு உடன்பிறந்தவர்களுக்கிடையிலேயே பெரிதாக மாறும். ஒருவருக்கு 35-ல் காதும் சுகரும் சேர்ந்து வரும், இன்னொருவர் 60 வயது வரை ஒன்றும் இல்லாமல் இருப்பார். இருந்தால் வந்தே தீரும் என்று யாரும் உங்களுக்குத் தேதி குறித்துத் தர முடியாது. மாமாவின் பிள்ளைகள் பயப்பட வேண்டாம், அப்பா வழியாக இது இறங்காது. பெரியம்மாவின் பிள்ளைகளுக்கு, ஆணோ பெண்ணோ, சொல்லத்தான் வேண்டும். நீங்கள் குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணத்தில் இருந்தால் அதற்கு முன் மரபணு ஆலோசகர் ஒருவரைப் பாருங்கள், சென்னையில் அந்த வசதி இருக்கிறது. டெஸ்ட் முடிவுக்குக் காத்திராமல் இப்போதே செய்யக்கூடியது, வெறும் வயிற்றுச் சுகர், ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சுகர்), ஒரு முறையான காது பரிசோதனை. கூடவே, பெரியம்மாவின் மருந்துச் சீட்டில் மெட்ஃபார்மின் இருக்கிறதா என்று இன்றைக்கே போனில் கேளுங்கள், இருந்தால் உங்கள் அம்மாவுக்கு எழுதிக் கொடுத்த டெஸ்ட் சீட்டை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவருடைய டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.